வாய் தவறிக் கொடுத்த வாக்குகள்

வாயில் தவறான வார்த்தை வந்துவிட்டால் நாமெல்லாம் வார்த்தையைத் திருத்துவோம். எனக்குத் தெரிந்த அங்கிள் ஒருவர் வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கேற்ப நிலைமையைத் திருத்திக்கொள்வார்.

ஒரு ஜூலை மாதத்து வெயிலில், அமெரிக்காவில் நியூ பிரன்ஸ்விக் ஊரில் இருக்கும் ஹங்கேரியர்களின் பழைய மண்டபத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் தாகமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தார். ஹங்கேரிய மொழியில் தாகமாக இருப்பவர் 'ஸொம்யோஷ்'. சோகமாக இருப்பவர் 'ஸொமோரூ'. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தவறாமல் விழுகிற பள்ளம் இது. அங்கிளும் விழுந்தார். நெஞ்சில் கைவைத்து, நான் சோகமாக இருக்கிறேன் என்று தெளிவாக அறிவித்தார்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். நான் காதருகே குனிந்து, வார்த்தை மாறிவிட்டது, தண்ணீர் என்று கேளுங்கள் என்றேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். பிறகு தலையைத் தொங்கப்போட்டு யோசித்தார். சோகத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. தெரிந்த சொற்களையெல்லாம் பொறுக்கியெடுத்து, "மச்சான். டெக்சஸ். பெரிய வீடு. போன் இல்லை," என்றார் ஹங்கேரிய மொழியில். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதல் நிறையக் கிடைத்தது. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், ஏன் திருத்தவில்லை என்று.

"சொல்லிப்போட்டேனில்ல அம்மிணி," என்றார். "அந்தம்மா கையப் புடிச்சதுக்கப்பறம், அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, தண்ணி குடுங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" ரூட் 18 சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, "யோசிச்சுப் பாத்தா மச்சான் போன் பண்ணாதது எனக்கு வருத்தமாத்தான் இருக்குது," என்றார். அன்று மாலையே டெக்சஸுக்குப் போன் போட்டு மச்சானுடன் பேசினார் என்று பிற்பாடு அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, சொன்னார். வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்களாம்.

அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, பக்கத்திலேயே ஒரு மருந்துக் கம்பெனியில் இன்ஜினீயர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பொறுப்பாளர். நான் அப்போது எம்.எஸ். படித்துக்கொண்டே அதே பள்ளியில் இரண்டாம் நிலைக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மொழிப் பைத்தியம் உண்டு. வேற்றுமை உருபுகள் எக்கச்சக்கமாக உள்ள மொழி என்று யாரோ ஆசை காட்டியதால் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய மொழியை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். அதை எந்த நேரத்தில் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேனோ, பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அது தேவைப்பட்டது. நாங்கள் ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பருக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பார்சிப்பனிப் பக்கம் உள்ள இன்னொரு தமிழ்ப் பள்ளியோடு சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வளவு தூரம் எந்தப் பிள்ளை வரும்? பாதிப் பேர் அந்த வருஷமே நின்றுவிடுவார்கள், மீதிப் பேர் அடுத்த வருஷம். பள்ளி போய்விடும். அலைந்து பார்த்ததில் பொருத்தமாக இருந்தது அந்த ஹங்கேரிய மண்டபம் ஒன்றுதான். ஞாயிறு காலையில் அதன் வகுப்பறைகள் சும்மா கிடந்தன.

மண்டபத்து அம்மாளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஒரு ஈமெயில் போட்டிருந்தால் போதும். அங்கிள் ஒப்புக்கொள்ளவில்லை. இடம் கேட்கப் போகிறோம், அவங்க பாஷையில் கேட்பதுதான் மரியாதை என்றார். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு கிளம்பினார்.

'கேட்பது' என்றதும் முதல் சிக்கல். நாம் சத்தத்தைக் கேட்கிறோம், பாட்டைக் கேட்கிறோம், கேள்வி கேட்கிறோம், கடன் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே கேள். ஹங்கேரியர்கள் நாலுக்கும் நாலு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். வேண்டிக் கேட்பது 'கேர்', விசாரித்துக் கேட்பது 'கேர்தெஸ்'. இதை நான் சொன்னபோது அங்கிள் நிஜமாகவே கவலைப்பட்டார். நாமெல்லாம் ஒற்றைச் சொல்லில் இத்தனை நாள் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்றார். ஆனால் அந்த மொழியில் அவருக்குப் பிடித்துப்போன விஷயமும் ஒன்று இருந்தது. 'நாங்கள்' என்று வரும் வினைச்சொற்கள் பலவும் 'உங்க்' என்று முடியும். "எல்லாத்துக்கும் நம்மூரு மாதிரியே ங்க போடறாங்க பாரு அம்மிணி. மரியாதை தெரிஞ்ச சனம்," என்று பூரித்துப்போனார்.

முதல் சந்திப்பில் அந்த அம்மாள் முன் நிமிர்ந்து நின்று, நாலில் தவறான ஒன்றை எடுத்து விட்டார். அறை வேண்டும் என்று கேட்பதற்குப் பதில், நான் அறையை விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குக் குறும்பு. அறை என்ன பதில் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அங்கிள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. விறுவிறுவென்று வகுப்பறைக்குள் போய், சுவரில் உள்ளங்கையை வைத்து, "ஏனுங்க, எங்க கொழந்தைகளுக்குக் கொஞ்சம் எடம் குடுப்பீங்களா?" என்று உரக்கக் கேட்டார். காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தார். திரும்பி வந்து, யோசித்துச் சொல்கிறதாம் என்றார்.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அன்றிலிருந்து அவர் அங்கிளிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. ஹங்கேரியன்தான், நிதானமாக, குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி. ஆனால் அறையைப் பற்றி மட்டும் பதிலே வரவில்லை. கமிட்டி கூட வேண்டும், பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்தக் குணம் ஹங்கேரியனால் வந்ததில்லை. ஆன்ட்டி சொன்ன கதை ஒன்று உண்டு. அமெரிக்கா வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் 'டாக் சிட்' பண்ண முடியுமா என்று கேட்டிருக்கிறார். நாய் நம் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்து அங்கிள் தாராளமாகத் தலையாட்டிவிட்டார். அடுத்த நாள் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய், படுக்கை, தட்டு சகிதமாக வந்து இறங்கியது. வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பும்வரை ஒரு வாரம் இருந்தது. நாய் என்றால் அலறும் ஆன்ட்டி, சமையல் மேடைக்குப் பின்னால் நின்றபடியே அதற்குத் தயிர்சாதம் போட்டிருக்கிறார். கடைசி நாள் அது கிளம்பும்போது ஆன்ட்டிதான் அழுதாராம். அந்தப் பகுதியை அங்கிள்தான் சொல்வார், ஆன்ட்டி இல்லாத நேரத்தில்.

ஹங்கேரிய மொழியில் 'தொனுலோக்' என்றால் கற்கிறேன், 'தொனீத்தோக்' என்றால் கற்பிக்கிறேன். மண்டபத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள், கையில் என்ன புத்தகம் என்று கேட்டபோது அங்கிள், நான் ஹங்கேரியன் கற்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மேஜையே அதிர்ந்தது. அவர் சிரிப்பில் கலந்துகொண்டு விட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் அவர் அவர் இல்லையே. வீட்டுக்குப் போய் ஆன்ட்டியை உட்காரவைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார், சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று. அடுத்த முறை நான் போனபோது ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "எனக்கு அந்த பாஷையில பத்து வரைக்கும் எண்ணத் தெரியும் கண்ணு. பதினொண்ணு வாத்தியாருக்கே தெரியாது."

கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவருக்குக் கடைசிவரை கலந்துதான் கிடந்தன. அந்த அம்மாள் வால்நட் வைத்துச் செய்த பலகாரத்தைக் காட்டியபோது, வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துப்போகிறேன் என்று சொல்ல வந்தவர், கொண்டுவருகிறேன் என்றார். எப்போது என்று அந்த அம்மாள் ஆவலாகக் கேட்டார். ஞாயிறு என்றார். ஆக, ஞாயிற்றுக்கிழமை எவர்சில்வர் அடுக்கு நிறைய மெதுவடை மண்டபத்துக்குப் போயிற்று. சுட்டவர் ஆன்ட்டி. எண்ணெய்ச் சட்டி முன் நின்றபடி அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஏனுங்க, அடுத்த வாரம் ஆனை கொண்டாறேன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் எங்கீங்க போறது?"

எனக்கு ரொம்பப் பிடித்தது விடைபெறுகிற கதைதான். நம்மில் யாரும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. போயிட்டு வரேன் என்போம், வராவிட்டாலும். அங்கிள் அதை அப்படியே ஹங்கேரியனில் தூக்கிப் போட்டார்: போகிறேன், வருகிறேன். அந்த அம்மாள் அதை நம்பிவிட்டார். கதவைத் திறந்தே வைத்து, காப்பியைச் சூடாகவே வைத்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுத்த வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தெரிந்ததும் அங்கிளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

நான் உற்சாகமாக வழி சொன்னேன். அவர்களிடமே அழகான சொல் இருக்கிறது, 'விஸோந்த்லாதாஷ்ரோ', மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம், நம் வழக்கத்துக்கு அப்படியே பொருந்தும் என்றேன். முயன்றுதான் பார்த்தார். பாதி வார்த்தையில் மூச்சு வாங்கியது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டே வந்துவிடலாம் என்றார்.

அதையே செய்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் போகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் ஏறி, அந்தத் தெருவை ஒரு சுற்று சுற்றி, திரும்ப வந்து, அந்த அம்மாளுக்கு முகத்தைக் காட்டிக் கையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நானும் அவரோடு சுற்றியிருக்கிறேன். ஒருமுறை மழை கொட்டியது, அவசரமாக எனக்கு அசைன்மென்ட் வேறு. விட்டுவிடலாமே அங்கிள் என்றேன். இன்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்பினார்.

ஆகஸ்ட் கடைசியில் கமிட்டி கூடியது. மண்டபத்து அம்மாளும் மூன்று பெரியவர்களும் நீள மேஜைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இதற்குமேல் தள்ளிப்போட எங்களுக்கு நாளில்லை. வாடகை பற்றித்தான் பேசுவார்கள் என்று தயாராகப் போயிருந்தோம். வாடகையை யாரும் எடுக்கவே இல்லை. மண்டபத்து அம்மாள் ரொம்ப நேரம் பேசினார், நான் அங்கிளுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்த அறை சும்மா கிடக்கவில்லையாம். ஞாயிறு காலை அது அவர்கள் பிள்ளைகளின் ஹங்கேரிய வகுப்பாம். அவருடைய மகன் படித்ததும் அங்கேதான். அந்த மகனே இப்போது இவர் ஹங்கேரியனில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறானாம். போன வருஷம் மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள், இந்த வருஷம் அவர்களும் இல்லை. இருந்தும் வகுப்பை மூடிவிட்டதாக இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. சாவியை எங்களிடம் கொடுத்தால், மூடியது அவர்கள் கையாலேயே என்று ஆகிவிடும். அதனால்தான் மனசு வரவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்று முடித்தார்.

எங்கள் பள்ளியைக் காப்பாற்றப் போன இடத்தில் இன்னொரு பள்ளி செத்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் எப்படி வற்புறுத்துவது? பையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

அங்கிள் எழவில்லை. மேஜைமேல் கைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, ஹங்கேரியனில் சொன்னார்: மூட வேண்டாம். குழந்தைகள் அந்த அறையில் தமிழ். அப்பா அம்மா இந்த அறையில் ஹங்கேரியன். நாங்கள் படிக்கிறோம். இருபது பேர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கற்பதும் கற்பிப்பதும் மறுபடி குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். இவர் சொல்ல வந்தது வேறு என்று அவசரமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அங்கிள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இல்ல அம்மிணி. இது வாய் தவறல. தெரிஞ்சேதான் சொல்றேன்."

மண்டபத்து அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது பேரா என்று கேட்டார். இகென், ஆமாம் என்றார் அங்கிள். முதல் ஞாயிறு இருபது பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் சாவி உங்களுக்கு என்றார் அந்த அம்மாள். வெளியே வந்தோம். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையாட்டினோம்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டோம். ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். ஒருவர் ஸ்பானிஷ் என்றால் வேலைக்காவது உதவும் என்றார். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஞாயிறு காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காரிலேயே சாய்ந்து கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு. யார் விடுவார்கள்? பள்ளி முடிந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி பட்டுப்புடவையில் இருந்தார். அங்கிள் வேட்டி சட்டையில் இருந்தார். மேஜைமேல் வெள்ளித்தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச்சிமிழ். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப்ல கூப்பிட்டா எவன் வருவான்?" என்றார் அங்கிள். "நேர்ல போய் அழைக்கணுமில்ல."

வீடு வீடாகப் போனோம். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆன்ட்டி வீட்டுப் பெண்களுக்குக் குங்குமம் கொடுப்பார். அங்கிள் தட்டை நீட்டி, "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு ஹங்கேரியன் கிளாஸ் வெச்சிருக்கறமுங்க. குடும்பத்தோட வந்து கண்டிப்பா நடத்திக் குடுக்கணும்," என்பார். கதவைத் திறந்தவர்கள் திகைத்துப்போய் நிற்பார்கள். ஷார்ட்ஸில் இருந்த ஒரு அப்பா உள்ளே ஓடிப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தார். தட்டோடு வாசலில் வந்து நிற்பவர்களிடம் முடியாது என்று சொல்ல நம் ஆட்களில் யாருக்கு வாய் வரும்? வெற்றிலையை எடுத்துக்கொண்டு, கண்டிப்பாக வருகிறோம் என்றார்கள். சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்கிற கண்டிப்பாகத்தான் அது. அங்கிள் ஒவ்வொரு வீட்டிலும் விடைபெறும்போது மெதுவாக, "சொல்லிப்போட்டீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திமூன்று பேர் வந்தார்கள். முறைப்படி அழைத்ததால் முறைப்படியே வந்தார்கள், பட்டும் சல்வாருமாக. ஒருவர் பழக்கதோஷத்தில் மொய்க் கவரே கொண்டுவந்து மண்டபத்து அம்மாளிடம் நீட்டினார். குழந்தைகளுக்குச் செய்த குட்டி நாற்காலிகளில் எல்லாரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மண்டபத்து அம்மாள் ஒவ்வொரு தலையாக எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். சாவியை எங்களிடம் நீட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பி எங்களைப் பார்க்கக் கொஞ்ச நேரமாயிற்று.

எதிர் அறையில் நான் தமிழ் வகுப்பை ஆரம்பித்தேன். இரண்டு கதவும் திறந்தே இருந்தன. அந்த அம்மாள் ஒரு அப்பாவிடம் பெயர் என்ன என்று ஹங்கேரியனில் கேட்க, அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, ஹங்கேரியனில் சொல் என்று அதட்டல் விழுந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து எட்டிப் பார்த்தாள். அதட்டல் வாங்கியது அவளுடைய அப்பா. இடைவேளையில் அவள் நேராக அவரிடம் போய் நின்றாள். என்னிடம் ஒருநாளும் முழுதாக ஒரு வாக்கியம் தமிழில் பேசாதவள். "அப்பா, தெரியலன்னா பரவால்ல. தப்பா சொல்லு. மிஸ் திட்ட மாட்டாங்க," என்றாள்.

நான் இப்போது வேலைக்காகக் கலிஃபோர்னியாவில் டப்ளினுக்கு வந்துவிட்டேன். நியூ பிரன்ஸ்விக் மண்டபத்தில் இரண்டு வகுப்புகளும் இன்றும் நடக்கின்றன.

முதல் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மட்டும் பார்க்கிங் லாட்டில் போனை வைத்துக்கொண்டு தீவிரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன அங்கிள் என்றேன்.

"சாயந்தரம் என்ன பண்ணப்போறீங்கன்னு அந்தம்மா கிளாஸ்ல கேட்டாங்க அம்மிணி. தூங்கறதுக்கு என்ன சொல்லுன்னு மறந்துபோச்சு. அந்நேரம் ஒரே ஒரு வார்த்தைதான் வாயில வந்துச்சு," என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இங்க பக்கத்துல நீச்சல்குளம் எங்கியாச்சும் இருக்குதா?"

அவருக்கு நீந்தத் தெரியுமா என்று ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி கார் டிக்கியைத் திறந்து, இருக்கிற துண்டில் எது பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.